உமி அடைத்த ஆட்டுக்குட்டி

"நான் ஊட்டுக்குப் போயிட்டா, அது என்னையத் தேடுமாக்கா?"

கேட்டவள் மலர். ஐந்து வயது. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் பிள்ளைகள் காப்பகத்தில், பால் குடித்த மீசையோடு நின்றுகொண்டு கேட்டாள். அம்மா கலாவதி காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டால் சாயந்திரம் வரை அவளுக்கு அந்தக் காப்பகம்தான் எல்லாம்.

அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள் ஷீனாவும் சிவசக்தியும். சேலத்துப் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறவர்கள். பிள்ளைகள் வைத்து விளையாட ஒரு இயந்திர வளர்ப்புப் பிராணியை ஆளுக்கொன்றாகச் செய்துகொண்டு வர வேண்டும் என்பது அவர்களுடைய புராஜெக்ட். அதை நடத்திய சந்திரசேகர் சார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பொம்மையை வைத்து விளையாடப்போகிற பிள்ளையோடு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். இரண்டு பேரும் மலைக்காரிகள் என்பதால் இருவரையும் இந்தக் காப்பகத்துக்கே அனுப்பினார். காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் ஷீனாவின் அம்மா ஞானசுந்தரிதான்.

செய்யப்போகிற பொம்மையைப் பற்றி மலர் கேட்டதற்கு ஷீனா சட்டென்று பதில் சொல்லிவிட்டாள். "தேடாது கண்ணு. அது மெஷினு. சுவிட்ச அமுத்துனா தூங்கிப்போயிரும்."

சிவசக்தி நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாள். மலர் பதில் சொன்னவளை விட்டுவிட்டு, எழுதுகிறவளின் தோளில் சாய்ந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

ஷீனாவுக்கு அன்றைக்குத் தொடங்கியது.

பொறாமை வரும்போது நமக்கு நோய் வந்த மாதிரி தெரிவதில்லை. நியாயம் கேட்கிற மாதிரிதான் தெரிகிறது. மலர் தவழ்கிற காலத்திலிருந்து ஷீனாவின் இடுப்பில் ஏறி வளர்ந்தவள். நேற்று வந்த கொட்டச்சேட்டு ஊர்க்காரி சிவசக்தியின் தோளில் அவள் எப்படிச் சாயலாம்? அது அவளுக்கு நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

ஐந்து மாதத்தில் பொம்மைகள் உருவாயின. ஷீனாவினுடையது ஒரு நாய்க்குட்டி. அப்பா மரியஅந்தோணி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மகள் கேட்ட மோட்டார்களையெல்லாம் கூரியரில் வரவழைத்துக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று பளபளத்த அந்த நாய்க்குட்டி நடந்தது, குரைத்தது, கண்ணைச் சிமிட்டியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டியது.

சிவசக்தியினுடையது பார்க்க ஒன்றுமேயில்லை. பழைய பழுப்பு ஸ்வெட்டரின் கையை வெட்டித் தைத்த ஓர் ஆட்டுக்குட்டி. நடக்காது. காதுகள்கூட ஒன்று பெரிது, ஒன்று சின்னது. உடைந்த செல்போன் ஒன்றிலிருந்து எடுத்த அதிர்வு மோட்டாரை அதன் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். கை படுவதை உணர வயிற்றுக்குள் ஒரு தகடு. கையில் எடுத்தால் டக்டக் டக்டக் என்று இதயம் மாதிரி அடிக்கும். கீழே வைத்துவிட்டுப் போனால் இதயம் நின்றுவிடும். பத்து நிமிடம் யாரும் தொடாமல் விட்டால், மெதுவாக ஒரே ஒரு தரம், "ம்மே" என்று கூப்பிடும்.

அதாவது, தேடும்.

உடம்புக்குள் அவள் பஞ்சு அடைக்கவில்லை. அவர்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையைக் குத்தும்போது பறக்கிற காய்ந்த தோல் இருக்கிறதே, அந்த உமியை அடைத்திருந்தாள். முதல் தரம் காப்பகத்துக்குக் கொண்டுவந்தபோது மலர் அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். புதைத்தவள் எடுக்கவேயில்லை.

"என்னடி பண்ற?" என்று ஷீனா கேட்டாள்.

"அம்மா வாசம் அடிக்குதுக்கா" என்றது உள்ளேயிருந்து குரல்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஞானசுந்தரி, "அந்தப் புள்ளைக்கு எப்படித்தான் தோணுச்சோ! உமிய வெச்சு அடைக்கோணும்னு யாருக்கு வரும்? நொம்ப நல்ல மனசு அதுக்கு" என்றார்.

"பஞ்சு வாங்கக் காசில்லாம அடச்சிருப்பா" என்றாள் ஷீனா.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ரசத்தை ஊற்றினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஷீனாவுக்கு இருந்தது.

அவர்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பொம்மைதான் கோயம்புத்தூரில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும். மற்ற மாணவர்கள் செய்த முயலும் கிளியும் கல்லூரியிலேயே கழிந்துவிட்டன. மிஞ்சியவை நாய்க்குட்டியும் ஆட்டுக்குட்டியும். டிசம்பர் முதல் திங்கட்கிழமை, சார் காப்பகத்துக்கே வந்து பிள்ளைகள் முன்னால் இரண்டையும் பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. கடலில் ஏதோ புயல் சின்னம் என்று மலை முழுக்கத் தூறல். கல்லூரி முடிந்து பஸ் ஏற்காட்டில் நின்றபோது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அவ்வளவு பனி மூட்டம். சிவசக்தி கொட்டச்சேட்டு பஸ்ஸுக்கு மாற வேண்டும். இறங்கியதும், துப்பட்டாவில் சுற்றிய ஆட்டுக்குட்டியை ஷீனாவிடம் நீட்டினாள். 

"ஷீனா, இத உங்கூட்ல வெச்சிருக்கியா? எங்கூரு பஸ்ஸுல ஜன்னல் ஒண்ணுக்கும் கண்ணாடி இல்ல. நனைஞ்சு போயிரும். திங்கக்கெழம நேரா காப்பகத்துக்கு வந்தர்றேன்."

"ம், குடு."

"அடுப்புகிட்ட மட்டும் வெச்சிரு. உமி ஈரம் புடிச்சுதுன்னா இதுக்குப் புத்தி கெட்டுப்போயிரும். தகட்டுல ஈரம் பட்டா, யாரோ கைல வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கும். எங்கூட்ல தெனமும் அடுப்புத் திட்டு மேலதான் படுக்க வெப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எங்கம்மா திட்டும், உசுரோட இருக்கற ஆட்டுக்கே இந்த உபசரணை இல்லைன்னு."

ஷீனா பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கை நிறையப் பை இருந்ததால், பின்பக்கத் தாழ்வாரத்தில் விறகு அடுக்கின்மேல் அதை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். அப்போது அவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கழுவிவிட்டு வந்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து, காப்பிக்கொட்டையின் ஈரத்தை அளக்கிற சின்னக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "களத்துல தார்ப்பாய் போட்டும் பிரயோஜனம் இல்ல சாமி. இந்தப் பனியில கொட்டை மட்டுமா, உமிகூடத் தண்ணி குடிக்கும்" என்றார்.

ஷீனா தாழ்வாரக் கதவைப் பார்த்தாள். பத்து எட்டு நடந்தால் போதும். அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து போய் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தாள். சாப்பிட்ட பிறகு, அம்மா வாசம் அடிக்குது என்ற அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. அப்புறம் அவள் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அப்படியே இருந்தாள். பனி மட்டும் தாழ்வாரத்துக்குள் வந்து வந்து போனது.

திங்கட்கிழமை காலை இரண்டு பொம்மைகளையும் ஷீனாதான் காப்பகத்துக்குக் கொண்டுபோனாள். சற்று நேரத்தில் சிவசக்தியும் நனைந்த குடையோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் ஆட்டுக்குட்டியைத்தான் கையில் எடுத்தாள். டக்டக் என்று நெஞ்சு அடித்தது. "அடுப்புகிட்டதான வெச்சிருந்த?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் ஷீனா. ஒரே ஒரு சொல்.

"நொம்ப தேங்க்ஸ் புள்ள."

சார் வந்த ஜீப்புக்குப் பாதை தெரியவில்லை என்று போன் வந்தது. வழிகாட்ட ஷீனா கேட் வரை போனாள். திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிட்டது.

சார் முதலில் நாய்க்குட்டியைத் தரையில் விட்டார். நடந்தது, குரைத்தது, மலர் பெயர் சொல்லிக் கூப்பிட வாலை ஆட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு ஆட்டுக்குட்டியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "எல்லாரும் வெளியில போய்ப் பால் குடிக்கலாம் வாங்க. என்ன பண்ணுதுன்னு பாப்போம்" என்றார்.

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. ஆட்டுக்குட்டி கூப்பிடவில்லை. காலியான அறையில், நாற்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்து, டக்டக் டக்டக் என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. யாருடைய மடியிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டு, அது பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"யாருமே இல்லாதப்ப, யாரோ இருக்காங்கன்னு நெனச்சிட்டிருக்குதேம்மா" என்றார் சார்.

"எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேனுங்க சார்" என்றாள் சிவசக்தி. காது மடல் சிவந்திருந்தது.

மலர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னையத் தேடவே இல்ல" என்றாள். அழவில்லை. சும்மா சொன்னாள்.

சார் நல்ல மனிதர். "இன்னிக்கே முடிவு சொல்ல மாட்டேன். ரெண்டும் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். அடுத்த திங்கக்கெழம வந்து இதே மாதிரி இன்னொரு தரம் பாக்கறேன். நடுவுல சரி பண்ணிக்கலாம். அன்னிக்கு எது ஜெயிக்குதோ அது கோயம்புத்தூருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷீனா எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் சிவசக்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் கல்லூரி லேப்டாப். வளைவுக்கு வளைவு உடம்பு சாய, அவள் கண்ணை எடுக்காமல் புரோகிராமை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள் ஷீனா.

"இல்ல புள்ள. மூணு நாளா மாத்தி மாத்தி எழுதறேன். மொதல்ல ஈரமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீதான் அடுப்புகிட்ட வெச்சிருந்தயே, ஈரமா இருக்க வழியில்ல. அப்ப தப்பு நான் எழுதுன புரோகிராம்லதான் இருக்கோணும்." கொண்டை ஊசி வளைவு ஒன்றில் டிரைவர் ஹாரன் அடித்தார். அது ஓய்ந்ததும் சொன்னாள். "ஆகலைன்னா போகட்டும். ஞாயித்துக்கெழம வந்து பாக்கலாம்னா, பழமெல்லாம் மழைக்குக் கொட்டுது; ஊட்ல பறிக்கறதுக்கு ஆளில்ல. உன்ற நாய்க்குட்டி கோயம்புத்தூரு போனா என்ன, நம்ம மலைக்குத்தான பேரு?"

ஷீனாவின் நாக்கு நுனி வரை வந்தது. அடுப்புகிட்ட வெக்கல என்று இரண்டே சொல்தான். பஸ் சேலம் போய்ச் சேரும் வரை அந்த இரண்டு சொல் வாய்க்குள்ளேயே கிடந்தது. நம்பாத ஒருத்தியை ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சிவசக்தி அவளை நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளைத் தப்பில்லாத இடத்தில் தப்பைத் தேட வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரி இல்லை. அம்மாவுக்குக் கூடமாட உதவி செய்யக் காப்பகத்துக்குப் போன ஷீனா, மலருக்குத் தலை வாரிவிட்டாள். நாய்க்குட்டி மூலையில் குப்புறக் கிடந்தது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அதை விரட்டி விரட்டி விளையாடியிருக்கிறார்கள். பிறகு அதற்குத் தெரிந்த வித்தை எல்லாம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டுக்குட்டியோ, கூப்பிடாவிட்டாலும், மலரின் மடியில் இருந்தது.

"நாய்க்குட்டியோட வெளையாடலயா கண்ணு?"

மலர் தலையை ஆட்டினாள். "எனக்குப் பயம். மறுக்கா வாலு பிஞ்சுக்கும்."

"மறுக்காவா? எப்ப பிஞ்சுது?"

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல் இடுக்கு வழியாகச் சொன்னாள். "சாரு வந்த அன்னிக்கு. நீ கேட்டுக்குப் போயிட்டியா, நான் இழுத்தனா, கம்பியோட வந்திருச்சு. அந்த அக்கா உள்ள எல்லாம் கழட்டி, நூலு சுத்தி ஒட்டி வெச்சுது. ஷீனாக்காகிட்டச் சொல்லிப்போடாத, பரீட்சை நேரத்துல பயந்துக்கும்னு சொல்லுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பயந்துக்கிட்டியா?" என்று கேட்டாள்.

ஷீனா சீப்பைக் கீழே வைத்தாள். நாய்க்குட்டியை எடுத்து, வயிற்றுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். வால் மோட்டாருக்குப் போகும் கம்பி இணைப்பின்மேல் பச்சைத் தையல் நூல், நெருக்கமாக, அழகாகச் சுற்றியிருந்தது. இணைப்பு எதுவானாலும் அதன்மேல் பச்சை நூல் சுற்றுவது சிவசக்தியின் பழக்கம். வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் அவள் தன்னுடையதைத் திறந்து பார்த்திருக்கலாம். உமியைத் தொட்டிருந்தாலே ஈரம் தெரிந்திருக்கும். அந்த நேரத்தை ஷீனாவின் நாய்க்குட்டிக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் யாருக்கும் சொல்லாமல்.

"ஆமா கண்ணு. பயந்துக்கிட்டேன்" என்றாள் ஷீனா.

ஞாயிற்றுக்கிழமை மேகம் விலகி, வாரக்கணக்கில் காணாத வெயில் அடித்தது. தேவாலயத்துப் பூசையில் எல்லோரும் நற்கருணை நன்மை வாங்க வரிசையில் எழுந்தபோது ஷீனா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா குனிந்து, "வரல?" என்று காதோரமாகக் கேட்டார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. ஒரு வேலை பாக்கி இருக்குது."

அம்மா போய் வரிசையில் சேர்ந்துகொண்டார். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஷீனா, "காப்பகத்துச் சாவியக் குடுங்க" என்றாள். அவர் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக் கையில் வைத்தார்.

ஞாயிறு என்பதால் எஸ்டேட்டில் ஆளில்லை. காப்பகம் பூட்டிக் கிடந்தது. மலரின் பாயில், ஒரு துண்டு போர்த்தி, ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. ஷீனா அதைத் தொடாமல், குனிந்து காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டாள். டக்டக் டக்டக். ஒரு வாரமாக, யாரும் இல்லாத ஞாயிறுகூடப் பார்க்காமல், யாரோ தூக்கி வைத்திருப்பதாக நம்பிக்கொண்டு.

வயிற்றுத் தையலைப் பிரித்தாள். உமி குளிர்ந்து பிசுபிசுத்தது. அதை ஒரு முறத்தில் கொட்டி, பின்னால் இருந்த காப்பிக் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் பரப்பினாள். சிமென்ட் தரையை நெருப்பாக்குகிற வெயில் இல்லை அது, டிசம்பர் வெயில்தான். ஆனாலும் மணிக்கொரு தரம் கையால் கிளறிவிட்டாள். அப்பா காப்பிக்கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது போல, உமியைக் காதோரம் வைத்து நொறுக்கிப் பார்த்தாள். மூன்று மணிக்குச் சருகு மாதிரி சத்தம் வந்தது.

அதற்குள் தகட்டையும் சர்க்கியூட்டையும் துடைத்துக் காயவைத்திருந்தாள். ஈரம் மறுபடியும் உள்ளே போகாமல் இருக்க, கிறிஸ்துமஸுக்கு என்று வாங்கி வைத்திருந்த நகப்பூச்சைக் கொண்டுவந்திருந்தாள். கல்லூரியில் கற்றுக்கொடுத்ததுதான், நகப்பூச்சு நல்ல காப்பு. கம்பி இணைப்புகளின் மேலும் சர்க்கியூட்டின் மேலும் மூன்று பூச்சுப் பூசினாள். நல்ல செக்கச் சிவப்பு. அந்த நிறத்தை வகுப்பில் அவளைத் தவிர யாரும் பூசுவதில்லை. என்றாவது சிவசக்தி இதைத் திறந்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு அந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள். தகட்டை மட்டும் ரொட்டிப் பாக்கெட் உறையில் பொதிந்து ஒட்டினாள். 

உமியைத் திரும்ப அடைத்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பழுப்பு வயிற்றில் முகத்தை வைத்தாள். வெயிலும் காப்பியும் கலந்த வாசம். சாயந்திரம் வேலை விட்டு வருகிற பெண்களின் சேலையில் அடிக்குமே, அந்த வாசம். மலர் பொய் சொல்லவில்லை.

பழைய ஊசித் தடத்திலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். நாளைக்குச் சார் வருவார். சிவசக்தி புது புரோகிராமோடு வருவாள்; அதனால்தான் சரியாயிற்று என்று நினைத்துக்கொள்வாள். நினைக்கட்டும். கோயம்புத்தூருக்கு எது போகும் என்பதில் ஷீனாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் இன்னும் இருந்தது. ஒரு நாளில் போய்விடுகிற முள் இல்லை அது. நாளைக்கு எல்லோரும் கை தட்டும்போது மறுபடியும் குத்தும். குத்தினாலும் கை தட்ட வேண்டும் என்று அதற்கும் தயாரானாள்.

ஆட்டுக்குட்டியை மலரின் பாயில் படுக்க வைத்து, துண்டை முன்பு இருந்தபடியே போர்த்தினாள். கையை எடுத்தாள். டக்டக் நின்றது.

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். படியில் உட்கார்ந்தாள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே நிழல் நீண்டுகொண்டிருந்தது. விரல் நுனிகளில் சிவப்புத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டே காத்திருந்தாள்.

பூட்டிய கதவுக்கு உள்ளே, மெதுவாக, ஒரே ஒரு தரம், "ம்மே" என்றது.

ஷீனா எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, சாவியோடு வீட்டுக்கு நடந்தாள்.